கறவை மாமா பார்த்த உள்ளரங்க ஹாக்கி

உலகத்தில் மனிதர்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் கறவை மாமாதான்.

மீனாட்சிபுரத்தில் பாதி வீடுகளுக்கு அவர்தான் மாடு கறக்கிறார். எந்த மாட்டையும் அவர் முகம் பார்த்து அறிந்ததில்லை. கட்டுத்தறியில் முதல் முளையில் நிற்பது செவலை, கடைசி முளையில் நிற்பது மயிலை, அவ்வளவுதான். விடியாத இருட்டில் கறக்கிறவருக்கு அது போதும். ஆனால் அதே முறையை அவர் மனிதர்களிடமும் காட்டுவதுதான் சங்கடம்.

ஒரு நாள் பால் சொசைட்டி வரிசையில், புஷ்பக்கா வழக்கமாக நிற்கும் இடத்தில் நான் நின்றுவிட்டேன். மாமா என்னைப் பார்த்து, "ஏம்மிணி, உம்பட ஊட்டுக்காரனுக்கு மூட்டுவலி தேவலையா?" என்றார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"மாமா, நான் செல்வி."

"செல்வி அந்தத் தூணோரமல்ல நிப்பா?" என்று தூணை எட்டிப் பார்த்தார். ஒரு நொடி நானும் எட்டிப் பார்த்தேன்.

பாலக்காடு பஸ்ஸில் எத்தனையோ டிரைவர்கள் மாறிவிட்டார்கள். மாமாவுக்கு டிரைவர் சீட்டில் இருப்பவர் எப்போதும் ஒருவர்தான். எல்லாரிடமும், "மவளுக்கு வரன் அமைஞ்சுதா?" என்று கேட்பார். கடைசியாக வந்த டிரைவர் கல்யாணமாகாத பையன். அலுத்துப்போய் ஒரு நாள், "அமைஞ்சிருச்சுங்க, வைகாசில கல்யாணம்" என்று சொல்லிவிட்டான். வைகாசியில் மாமா வெள்ளை வேட்டி கட்டி, பஸ்ஸை மறித்து, "முகூர்த்தம் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

கறவை மாட்டிடம் "காலைக் கொஞ்சம் தள்ளி வெய்யுங்க தாயி" என்று கெஞ்சும் அதே வாய்தான், சொந்த மகனிடம், "மட்டையத் தூக்கீட்டு இந்த வாசல்ல கால் வெக்காதே" என்று சொன்னது. மகன் தண்டபாணி என்னோடு பள்ளியில் படித்தவன். ஹாக்கியில் கோல் காப்பான். மாடு கறக்க வராமல் விளையாட்டு விடுதிக்குப் போனவன், அதன்பிறகு வீட்டுப் பக்கம் வரவேயில்லை. இந்திய உள்ளரங்க ஹாக்கி அணியில் இடம் கிடைத்த சேதிகூட எனக்குத்தான் வந்தது.

வெளிநாட்டில் நடந்த தொடரில் வெண்கலப் பதக்கத்துக்கான கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் போன் செய்தான். "செல்வி, நாளைக்கு அப்பாவப் பாக்கச் சொல்லு. ஜெயிச்சாப் பதக்கம், நேரா ஊட்டுக்கு வந்தர்றேன். தோத்துட்டா எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றது?"

அப்படியே மாமாவிடம் சொன்னேன். மறுநாள் மாடுகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முன்னதாகவே கறந்து முடித்து, சொசைட்டி டிவிக்கு நேர் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தார்.

என் போனை டிவியோடு இணைத்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரியும் முடித்தவள் நான். எனக்கு அதில் நிறையப் பெருமை உண்டு. அதற்கு ஊர் கொடுக்கும் தண்டனை, புரியாதது எதுவானாலும் என்னிடம் கேட்பது.

"ஏங் கண்ணு, எதுக்கு ஊட்டுக்குள்ள ஆடறாங்க? வெளிய மழையா?" என்று ஆரம்பித்தார் செக்ரட்டரி வேலுச்சாமி அண்ணன்.

"இது உள்ளதான் ஆடறதுங்கண்ணா. பந்த ஓங்கி அடிக்கக் கூடாது. தள்ளத்தான் வேணும்."

"அடிக்கக் கூடாதுன்னா மட்டை எதுக்கு? வெளக்குமாறு போதுமே" என்றார் புஷ்பக்கா.

இரண்டு பக்கமும் பந்து வெளியே போகாமல் கட்டை போட்டு அடைத்திருந்தார்கள். மாமாவுக்கு அது மட்டும் உடனே விளங்கியது. "பட்டிதான இது? ஆடு மாட்ட அடைக்கற மாதிரி அடைச்சிருக்கறாங்க."

தண்டபாணி இடது பக்கக் கோலில் நின்றான். தலைக்கவசம், முகத்துக்குக் கம்பி, காலில் மெத்தை மாதிரி காப்பு. வந்த பந்தையெல்லாம் காலால் உதைத்துத் தள்ளினான். "பாருங்க, கறக்க உடாத மாடாட்டம் உதைக்கறான்!" என்று மாமா துள்ளினார். மாட்டைத் தவிர வேறொருவரை அவர் புகழ்ந்து அன்றுதான் கேட்டோம்.

பாதி ஆட்டம் முடிந்து இரண்டு அணிகளும் பக்கம் மாறின. மாமாவின் கண் மட்டும் மாறவில்லை.

நம் ஆட்கள் இடது பக்கக் கோலில் பந்தைத் தள்ளினார்கள். சொசைட்டியே எழுந்து குதித்தது. மாமா தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு கோல். "போச்சு, போச்சு" என்று கண்ணைத் துடைத்தார்.

"நம்மாளுக கோல் போட்டா நீ எதுக்குய்யா அழுவறே?" என்றார் வேலுச்சாமி அண்ணன்.

"பெத்தவனுக்கல்ல தெரியும்!"

"மாமா, பக்கம் மாறிட்டாங்க. தண்டபாணி இப்ப வலது பக்கம்" என்றேன்.

"எதுக்கு மாறணும்? காலைல கட்டுன மாட்ட மத்தியானம் எடம் மாத்திக் கட்டுவியா நீயி?"

கோல் காப்பவர்கள் இருவரும் ஒரே மாதிரி கவசத்தில் இருந்தார்கள். சட்டைகூடத் தங்கள் அணியின் நிறத்தில் இல்லை. மாமா அழுத அழுகையைப் பார்த்து எங்களுக்கே குழப்பம் வந்துவிட்டது. புஷ்பக்கா ஒரு கோலுக்குக் கைதட்டிவிட்டு, "தட்டலாமா?" என்று என்னைக் கேட்டார். எதிரணியின் கோலுக்கு வேலுச்சாமி அண்ணன் விசிலடித்தார். படித்தவள் என்ன சொல்கிறாள் என்று எல்லாரும் என் வாயைப் பார்க்க, நான் மூலையில் ஓடிய கோல் எண்ணிக்கையை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தேன்.

ஜெயித்துவிட்டோம். நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டபோது மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். "இனி அவன் வர மாட்டான்" என்று துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

எவ்வளவு சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. அதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "செல்வி, அப்பா பாத்தாரா?" என்றான் தண்டபாணி, மூச்சு வாங்க.

மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"சாமி, நான் பாத்தேன். அழுவாத. அத்தனையும் ஒருத்தனே எப்படிடா தடுப்பே? மத்தவனுக நின்னு வேடிக்கையல்ல பாத்தானுக! தோத்தா என்ன இப்ப? ஊட்டுக்கு வா. மட்டையோடவே வா."

போனில், பின்னால் அவனுடைய அணி கூத்தாடிக்கொண்டிருந்தது கேட்டது. ஜெயித்த சேதியை இப்போது சொல்வான் என்று காத்திருந்தோம். அவன், "சரிங்கப்பா, வர்றனுங்க" என்றான். போனை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் மட்டையும் பதக்கமுமாக வந்து இறங்கினான். மாமா பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோத்தவங்களுக்கும் பதக்கம் குடுக்கறாங்க பாரு. நல்ல மனுசங்க" என்றார். தண்டபாணி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்றும் கறக்கப் போகிற வீட்டிலெல்லாம், "எம்பையன் தோத்த மேட்ச்ச நான் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மகன் ஜெயித்ததைக்கூட யாரும் இத்தனை பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அவர் அதைச் சொல்ல ஆரம்பித்தால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு நானும் கேட்கக் கட்டுத்தறிக்குப் போய் நின்றுகொள்கிறேன்.