வால்வு பாயும் என் மீசையும்

தாம்பரம் வட்டாரத்தில் காற்றோ, தண்ணீரோ, எரிவாயுவோ, கசிய நினைக்கும் எதுவும் வால்வு பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கசியும். இரும்புலியூரில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே அடுப்பு, குக்கர், பம்பு ரிப்பேர் கடை வைத்திருந்தார். நாலு பேர் சேர்ந்து நிற்க முடியாத அந்தக் கடையில் சுவர் தெரியாது. பித்தளை, ரப்பர், ஃபைபர் என்று வாஷர்கள்தான் சரம் சரமாகத் தொங்கும். நாட்டின் குழாய்கள் அத்தனையும் ஒரே நாளில் ஒழுகினாலும் பாய் ஒருவரே சமாளிப்பார் என்பது எங்கள் தெருவின் கருத்து. அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் எங்கள் குடியிருப்பில் அரசு வேலையில் இருந்த, என்னையும் சேர்த்து ஆறு பேருக்கு அந்தமான் போக விடுமுறைச் சலுகை கிடைத்தது. மாடி வீட்டு சேகர் கேட்டருகே நின்று திட்டம் போட்டான்.

"சும்மா பீச்ல நின்னு போட்டோ எடுக்கவா போறோம்? ஸ்கூபா டைவிங் சார்! முதுகுல சிலிண்டர மாட்டிக்கிட்டு அப்படியே கடலுக்கு அடியில!"

சிலிண்டர் என்ற சொல் தெருவைத் தாண்டிக் கடைக்குள் விழுந்தது. பாய் ஸ்பேனரோடு எழுந்து வந்தார்.

"சிலிண்டர் மேட்டருன்னா நான் இல்லாம எப்டி? நானும் வரேன்."

ஏழு பேர் ஆனோம். ஒரு சிக்கல்தான். எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் சிறு வயதில் கிணற்றில் தலைகீழாகக் குதித்த கதையைக் குடியிருப்பில் பலமுறை சொல்லியிருந்தேன். குதித்தது என் நண்பர்கள். நான் மேலே நின்று சட்டைகளுக்குக் காவல் இருந்தேன். அந்த விவரம் கதையில் சேர்வதற்கு இடமில்லாமல் போய்விட்டது. சேகர் என் முதுகில் தட்டி, "நம்ம டீமுக்கு சார்தான் கேப்டன்" என்றான்.

டைவிங் கூட்டிப் போகிறவர்களுக்கு ரகசியமாகப் போன் செய்தேன். "நீச்சல் தெரியாதவங்கள நீங்க சேர்க்க மாட்டீங்கதானே?" என்றேன், நம்பிக்கையோடு.

"தேவையே இல்ல சார்! தைரியமா வாங்க" என்றது ஒரு தமிழ்க்குரல். என் கடைசி வாசலும் சாத்தப்பட்டது.

ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் பாயின் பயிற்சி நடந்தது. பர்மா பஜாரிலிருந்து ஏழு முகக்கண்ணாடிகள் வாங்கிவந்து, பனி படியாமலிருக்க எங்களைப் பற்பசை போட்டுத் தேய்க்க வைத்தார். தண்ணீரில் மூழ்க, உடல் எடைக்கேற்ப இடுப்பில் ஈயம் கட்டவேண்டும் என்று கேள்விப்பட்டு, பழைய இரும்புக் கடைத் தராசில் எங்களை ஏற்றி நிறுத்தார். நான் ஒரு ஜன்னல் கிரில்லுக்கும் அரை சைக்கிளுக்கும் சமம் என்று தெரிந்தது.

அடுத்து மூச்சுப் பயிற்சி. மூக்கில் துணி கிளிப் மாட்டிக்கொண்டு, மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை வாயால் மட்டும் மூச்சு விடவேண்டும். வேர்க்கடலை விற்ற அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சார், கிளிப்ப எடுத்தா மூக்கு கயண்டு வுயுந்துடுமா?"

கடைசியாக வாளிப் பரீட்சை. முகக்கண்ணாடியோடு வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்த வேண்டும். என் முறை வந்தது. வாளி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். நிமிர்ந்தபோது பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. விளிம்பில் வெளுத்திருந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு லீக் இல்ல. சார் பாஸ்" என்றார்.

கிளம்புவதற்கு முன் ஒரு விதியும் போட்டார். "ஆளுக்கொரு வாஷர். கீய போறவன் அத்த மேல ஒருத்தராண்ட குடுத்துட்டுப் போணும். வந்தவுடனே திருப்பி வாங்கிக்கணும். மேல கையில வாஷர் மிச்சம் கீதுன்னா, கீய ஆளு மிச்சம் கீதுன்னு அர்த்தம்."

"மேல யாரு பாய் நிக்கறது?" என்றான் சேகர்.

"அத்த அங்க போய் பாத்துக்கலாம்."

அந்தமானில் பாய் முதலில் செய்த காரியம், சிலிண்டர் வரிசை முன்னால் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன சோப்பு நுரையை ஒவ்வொரு வால்வு மேலும் தடவியது. பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். ஏழாவது சிலிண்டரில் நுரை மெல்லக் குமிழ் விட்டது. அவர் தலையில் அடிப்பதை நிறுத்திவிட்டு, பாய்க்கு டீ சொன்னார்.

படகு நடுக்கடலில் நின்றது. ஒவ்வொருவராக உடை மாட்டினார்கள். நான் ஈயப் பெல்ட்டைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். பாய் எதிரே வந்து என் முகக்கண்ணாடியை மாட்டிவிட்டு, அழுத்தி, சாய்த்து, முகத்தைச் சுளித்தார்.

"சார், ஒங்களுக்கு மீசை கீது."

"முப்பது வருஷமா இருக்கு பாய்."

"கண்ணாடியோட ரப்பரும் வாஷர் மாதிரிதான், அது குந்தற எடம் மொயமொயன்னு இருக்கணும். மீசை மேல குந்தாது. தண்ணி ஏறிடும். சார் எறங்கக் கூடாது."

சேகர் துள்ளினான். "ஷேவ் பண்ணிட்டா போச்சு! எங்கிட்ட ரேசர் இருக்கு பாய்!"

பாய் அவன் பக்கம் திரும்பினார். "கேப்டன் மீசைய எடுக்கச் சொல்றியா? மேல ஒருத்தர் வோணும். சார் நிக்கட்டும்."

வருத்தப்படுவது போல ஒரு முகம் வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் நானும் என் மீசையும் கட்டிப்பிடித்து அழுதோம்.

ஆறு பேரும் வாஷரை என் கையில் போட்டுவிட்டு இறங்கினார்கள். ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருந்தது. அரைமணியில் ஐந்து பேர் மீன்களைப் பற்றிக் கத்திக்கொண்டே ஏறி, ஐந்து வாஷர்களை வாங்கிக்கொண்டார்கள். என் உள்ளங்கையில் ஒன்று மிச்சமிருந்தது. பாயுடையது. கடல் சும்மா அசைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துகொண்டேன். நீந்தத் தெரியாத நான் படகின் விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டேன்; சேகர்தான் என்னைப் பிடித்து இழுத்தான்.

பத்தடி தள்ளித் தண்ணீர் பிளந்து பாயின் மீசையில்லாத தாடி தெரிந்தது.

"அந்த வாத்தியாரு வால்வு லேசா சத்தம் குடுத்துச்சு சார். காது வெச்சுக் கேட்டுகினு இருந்தேன்" என்றபடி ஏறிக் கையை நீட்டினார். வாஷரைக் கொடுக்கும்போது எண்ணைப் பார்த்தேன். ஆறு. அது கிளம்புவதற்கு முன்பே இரும்புலியூர்க் கடையில் பாய் உட்கார்ந்து குத்திய எண். எனக்கென்று ஏழாவது வாஷர் ஒன்று வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏழு பேருக்கு ஆறு வாஷர்தானே பாய் கொண்டுவந்திருக்கீங்க?"

பாய் தாடியைப் பிழிந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு கொறஞ்சிச்சு சார். கடையில ஸ்டாக் இல்ல."

அந்தக் கடையில் வாஷர் இல்லாமல் போனது, எனக்குத் தெரிந்து, அந்த ஒருமுறைதான்.