டோக்கன் இல்லாமல் சுரங்கத்துக்குள்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. காலை பத்து நாற்பது. கிள்ளான் வானத்தில் மேகம் இருந்தது, மழை இல்லை. மழை வரும் என்று நான் மட்டும் நம்பியதால் கையில் குடை இருந்தது. (மழை கடைசிவரை வரவில்லை.)

இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் எதையும் எண்ணாமல் இருக்கத் தெரியாதவன். ரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். படிக்கட்டு ஏறினால் படிகளை எண்ணுவேன். இட்லி சாப்பிட்டால், நான் தின்றதோடு எதிரே இருப்பவர் தின்றதையும் சேர்த்து எண்ணுவேன். இந்தக் குணத்தால் விருந்துகளுக்கு என்னை அழைப்பது குறைந்துவிட்டது. (எத்தனை குறைந்தது என்று கேட்காதீர்கள். தெரியும்.)

பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டில் ஆறு நாற்காலிகள். மனைவி போன பிறகு அதில் ஒன்றில்தான் நான் உட்காருகிறேன். மற்ற ஐந்தையும் வாரம் ஒருமுறை துடைக்கிறேன்.

என் மகள் கவிதா கிள்ளானில் இருக்கிறாள். மேருவில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு ஜூலை முதல் புதிய வேலை. மருமகன் ராவாங்கில் வேலை பார்ப்பதால் விடியுமுன் கிளம்பிவிடுவார். முதலாம் ஆண்டு படிக்கும் பேத்தி தர்ஷினியைப் பள்ளி விட்டதும் யார் பார்ப்பது? காப்பகத்தில் சேர்ப்பதாகப் பேச்சு வந்தது. நான் உடனே, "நான் எதுக்கு இருக்கேன்? வாரத்துல அஞ்சு நாள் கிள்ளான்ல வந்து தங்கிக்கிறேன்" என்றேன்.

கவிதா உடனே மறுத்தாள்.

"அப்பா, நீங்க பிள்ளையைப் பார்த்துக்க மாட்டீங்க. எண்ணிக்கிட்டு இருப்பீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லப்பா."

அவள் அப்படிச் சொல்வதற்கு ஒரு பழைய வழக்கு பாக்கி இருந்தது. அவள் பிறந்த அன்று எனக்கு மாற்று ஆள் வரவில்லை. மாற்று ஆள் வராமல் ஸ்டேஷனை விட்டு நகரக்கூடாது என்பது விதி. நான் நகரவில்லை. பிறந்து பதினொரு மணி நேரம் கழித்துத்தான் மகள் முகத்தைப் பார்த்தேன். விதியை மதித்ததற்கு எல்லாரும் பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். என் மனைவி பாராட்டவில்லை. இந்தச் செய்தியைத் தாய்ப்பாலோடு சேர்த்து மகளுக்கும் ஊட்டிவிட்டாள்.

கடைசியில் கவிதா ஒரு சோதனை வைத்தாள். ஒரு சனிக்கிழமை, ஒரு காலைப்பொழுது, நானும் தர்ஷினியும் மட்டும். இடம், கிள்ளானில் பழைய கிடங்கு ஒன்றைப் புதுப்பித்துக் கட்டிய குழந்தைகள் அருங்காட்சியகம். பிள்ளை சிரித்துக்கொண்டே திரும்பினால் வேலை எனக்கு. இல்லையென்றால் காப்பகம்.

வாசலில் மூன்று மொழியில் பெரிய பலகை. தமிழில், "எல்லாவற்றையும் தொடுங்கள்."

நான் அதை இரண்டு முறை படித்தேன். அச்சுப்பிழை என்றே முடிவு செய்தேன். அருங்காட்சியகம் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க வேண்டிய இடம். என் வாழ்நாளில் "தொடாதே" என்று எழுதிய பலகைகளை நானே சொந்தக் கையால் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். ஆகவே உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டியில் பிள்ளைகள் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள், "தொடாதேம்மா, சட்டை நனையும்." மிதித்தால் விளக்கு எரியும் சைக்கிள் இருந்தது, "தொடாதேம்மா, ஷாக் அடிக்கும்." கயிற்றை இழுத்தால் நாம் உட்கார்ந்த நாற்காலியே மேலே போகும் ஒரு சாதனம் இருந்தது; "தொடவே தொடாதே."

தர்ஷினி என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"தாத்தா, பதினேழு."

"என்னம்மா பதினேழு?"

"பதினேழு தடவை தொடாதேன்னு சொல்லிட்டீங்க."

(எனக்குக் கோபம் வரவில்லை. என் கணக்கிலும் பதினேழுதான்.)

சோதனையில் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. அப்போதுதான் அந்த ரயில் கண்காட்சி கண்ணில் பட்டது. சின்ன நடைமேடை, கைகாட்டி மரம், பித்தளை மணி. நடுவே பலகையால் செய்த ஒரு சுரங்கப்பாதை. உயரம் என் இடுப்புக்குக் கீழே, நீளம் வெளியிலிருந்து பார்த்தால் என் அடிக்குப் பதினான்கு அடி, உள்ளே இரண்டு வளைவு. பிள்ளைகள் இரண்டு முனையிலிருந்தும் தவழ்ந்து நுழைந்தார்கள். நடுவில் 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு கூச்சல், சிரிப்பு, பேச்சுவார்த்தை. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் வந்த வழியே பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வருவார்.

உங்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். எனக்குத் தெரிந்தது ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதல். மூன்று நிமிடத்தில் நான்கு மோதல்!

ஒற்றைப் பாதையில் ரயில் விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்தப் பாதைக்கு ஒரே ஒரு டோக்கன். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் உள்ளே நுழையலாம். மறுமுனையில் வெளியே வந்ததும் அங்கே காத்திருப்பவரிடம் கொடுக்க வேண்டும். டோக்கன் இல்லாமல் நுழைவதைப் போன்ற குற்றம் ரயில்வேயில் வேறு இல்லை.

பக்கத்தில் வளையம் எறியும் விளையாட்டு இருந்தது. அதிலிருந்து ஒரு மஞ்சள் வளையத்தை எடுத்தேன். (அந்தக் காலையில் நான் தொட்ட முதல் பொருள்.) குடையைத் தட்டி எல்லாரையும் வரிசையில் நிறுத்தினேன். விதிகளை அறிவித்தேன். ஒன்று, வளையம் இல்லாமல் நுழையக்கூடாது. இரண்டு, நடுவில் நின்று, நான் மணி அடித்த பிறகே வெளியேற வேண்டும். மூன்று, உள்ளே பேசக்கூடாது.

ஆச்சரியம், பிள்ளைகள் கேட்டார்கள்! தர்ஷினி பெருமையோடு என் பக்கத்தில் நின்றாள். "எங்க தாத்தா, உண்மையான ஸ்டேஷன் மாஸ்டர்லா" என்று முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகளிடம் சொன்னாள். எனக்கு வேறென்ன வேண்டும்? சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஒன்று, சிவப்புச் சட்டை. இரண்டு, பல் விழுந்த பையன். மூன்று, இரட்டைச் சடை. இருபது நிமிடத்தில் இருபத்தொரு பிள்ளைகள். மோதல், பூஜ்யம்.

பதினொன்று முப்பத்திரண்டுக்கு இருபத்திரண்டாவது பிள்ளை நுழைந்தது. எழுதினேன்: "நீலச் சட்டை, முயல் படம்."

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா வந்தார்.

"அங்கிள், என் பையன் எவ்வளவு நேரமா நிக்கிறான் தெரியுமா? சுங்கை பூலோவுல இருந்து வர்றோம். ரோட்டுலயும் ஜாம், இங்கயும் ஜாமா?"

"அம்மா, ஒற்றைப் பாதை. டோக்கன் முறைன்னு ஒண்ணு இருக்கு."

"உள்ள ஓடுறது பிள்ளைங்கதான் அங்கிள், ரயிலா?"

"இன்னிக்குப் பிள்ளை, நாளைக்கு ரயில்."

"நீங்க இங்க வேலை செய்யறீங்களா?"

"இல்ல."

"பின்ன யாரு உங்களை வெச்சது?"

இந்தக் கேள்விக்கு நான் டோக்கன் முறையின் வரலாற்றைப் பதிலாகச் சொன்னேன். எட்டு நிமிடம் ஆனது. சொல்லி முடித்தபோது அந்த அம்மா பையனை அழைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருந்தார். வரிசையைப் பார்த்தேன். இந்த முனையில் ஒன்பது பேர், அந்த முனையில் ஏழு பேர். ஒருவர் கையிலும் வளையம் இல்லை.

டோக்கன் தொலைந்துவிட்டது! பிள்ளைகளின் பையைச் சோதித்தேன், பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். பிறகு குறிப்பேட்டைப் புரட்டினேன். நுழைந்தது இருபத்திரண்டு, வெளியேறியது இருபத்தொன்று. வராதது நீலச் சட்டை, முயல் படம்.

"யாரு பிள்ளை இது? நீலச் சட்டை, முயல் படம்! பெத்தவங்க இப்படியா விட்டுட்டுப் போவாங்க?" என்று சத்தம் போட்டேன்.

வரிசையிலிருந்த இரட்டைச் சடை சொன்னது: "அங்கிள், அது உங்க பிள்ளைதானே?"

அந்த ஒரு விநாடியை மட்டும் நான் எண்ணவில்லை.

சுரங்க வாயில் குனிந்து, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன். பதில் இல்லை. அப்படியானால் அவள் வேறெங்கோ போய்விட்டாள். தண்ணீர்த் தொட்டி, சைக்கிள், நாற்காலி, வாசல், கழிப்பறை என்று ஐந்து நிமிடம் ஓடினேன். எழுபத்திரண்டு வயதில் நான் கடைசியாக ஓடியது எப்போது என்று நினைவில்லை. "நீங்க எண்ணிக்கிட்டு இருப்பீங்க" என்ற கவிதாவின் குரல் காதுக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து, குடையைக் கீழே போட்டேன். டோக்கன் இல்லாமல் சுரங்கத்துக்குள் நுழைந்தேன்.

முதல் வளைவில் முட்டி இடித்தது. அதைத் தாண்டி நடுவில் தலை இடித்தது. டொக்!

"தாத்தா!"

முழங்காலைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தர்ஷினி உட்கார்ந்திருந்தாள்.

"இங்கயா இருக்கே? கூப்பிட்டேனே, ஏன் பதில் சொல்லல?"

"உள்ளே பேசக்கூடாது. மூணாவது ரூல்."

"சரி, ஏன் வெளியே வரல?"

"நீங்க மணி அடிக்கல." நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என்னை முறைத்தாள். "டோக்கன் என்கிட்ட இருக்கு. நீங்க ஏன் வந்தீங்க?"

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்தில் யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. கௌரவமாகப் பின்வாங்க முயன்றேன். காற்சட்டையின் பின்புறத் தையல் பிரிந்த சத்தம் கேட்டது. உடம்பு நகரவில்லை. முன்னாலும் போகவில்லை. நுழைந்தபோது வளைந்த முதுகு, திரும்பும்போது வளைய மறுத்துவிட்டது.

சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. என் கை எட்டவில்லை. தர்ஷினி எடுத்தாள்.

"அம்மா, நாங்க டனல்ல இருக்கோம். தாத்தா மாட்டிக்கிட்டாரு. ஆனா பயப்படாதீங்க, டோக்கன் என்கிட்டதான் இருக்கு."

அருங்காட்சியகப் பணிப்பெண் ரேவதி திருகுளியோடு வந்தாள். மேல் பலகையைக் கழற்ற வேண்டும், பதினாறு திருகாணி. ஒவ்வொன்றும் விழும் சத்தத்தை உள்ளிருந்து எண்ணினேன். கழற்றிக்கொண்டே அவள் பேசினாள்.

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்க நடுவுல முட்டிக்கணும்னுதான் இதைக் கட்டியிருக்கோம். முட்டிக்கிட்ட பிறகு யாரு வழி விடறதுன்னு அவங்களே பேசி முடிவு பண்ணுவாங்க. அதுதான் இந்த விளையாட்டே."

"இருபத்தொரு பேர் முட்டாமல் போனாங்களே?"

"அதான் அங்கிள். இருபத்தொரு பேரும் விளையாடவே இல்ல."

பலகை நீங்கி வெளிச்சம் வந்தபோது முதலில் தெரிந்தது ரேவதி. அவளுக்குப் பின்னால், எங்களை அழைத்துப் போக வந்த என் மகள் கவிதா. அவளுக்குப் பின்னால் பதினாறு பிள்ளைகள், அப்போதும் வரிசையில். பிரிந்த காற்சட்டையை ரேவதி எடுத்து நீட்டிய குடையால் மறைத்துக்கொண்டு, கூரை வழியாக நான் வெளியேறினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கவிதாவின் காரில் ஏறினோம். காப்பகம்தான் என்று மனத்துக்குள் முடிவு செய்து, ஐந்து நாற்காலிகளையும் நினைத்துக்கொண்டேன். இரண்டு சமிக்ஞை விளக்குகள் தாண்டிய பிறகு, பின்னிருக்கையிலிருந்து தர்ஷினி வாய் திறந்தாள்.

"அம்மா, தாத்தா டோக்கன் இல்லாமலே உள்ள வந்துட்டாரு. ரூலை மீறிட்டாரு."

கவிதா காரை மெதுவாக்கினாள்.

"நெஜமாவாப்பா?"

"ம்."

"நான் பொறந்தப்ப நீங்க வர பதினொரு மணி நேரம் ஆச்சு. இவகிட்ட வர எவ்வளவு நேரமாச்சு?"

"பத்தொன்பது நிமிஷம்" என்றேன். (பொய் சொல்லியிருக்கலாம். வராது.)

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பரவாயில்லப்பா, முன்னேற்றம்தான். ஜூலை ஒண்ணாம் தேதி வந்துடுங்க. வரும்போது ஒரு நாற்காலி எடுத்துட்டு வாங்க, இங்க பத்தல."

நான் இரண்டு எடுத்துப் போனேன்.

அந்த மஞ்சள் வளையம் தர்ஷினியின் கழுத்திலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது. மறுவாரம் திருப்பிக் கொடுக்கப் போய், அவள் கெஞ்சியதால் அதே மாதிரி ஒன்றை அங்கேயே விலைக்கு வாங்கினேன். மேல் பலகையில் பதினாறு திருகாணியும் சரியாக மாட்டப்பட்டிருந்ததை நின்று எண்ணிப் பார்த்தேன். சுரங்க வாயிலில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். குடை பிடித்த வயதான ஒருவர், அவர்மேல் குறுக்கே சிவப்புக் கோடு. (மூக்கு என் மூக்கு இல்லை என்று கவிதா சொல்கிறாள். என் மூக்குதான்.)

வாங்கிய வளையம் இன்றைக்கும் கிள்ளான் வீட்டுக் குளியலறைக் கதவில் தொங்குகிறது. நாலு பேருக்கு ஒரே குளியலறை. காலையில் நான் துண்டோடு வேகமாக நடந்தால், பல் துலக்கிக்கொண்டிருக்கும் தர்ஷினி வாய் நிறைய நுரையோடு கேட்பாள்: "தாத்தா, டோக்கன் இருக்கா?" தீபாவளிக்கு வந்த உறவினர்கள் அத்தனை பேரும் அதையே கேட்டார்கள். பதினொரு பேர்.

ஆன செலவு: நுழைவுச்சீட்டு இரண்டு, முப்பது வெள்ளி. காற்சட்டை தைத்த கூலி, பன்னிரண்டு வெள்ளி. மஞ்சள் வளையம், ஆறு வெள்ளி தொண்ணூறு காசு. ஆக மொத்தம் நாற்பத்தெட்டு வெள்ளி தொண்ணூறு காசு.