குத்தூசி பாயும் ஆளில்லாத் தீவும்

மட்டாஞ்சேரியில் குத்தூசி பாய் முழுசாக நம்பிய பொருள் என்று ஒன்றும் கிடையாது. காலையில் சூரியன் உதித்தால்கூட முதலில் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு எங்கள் கோடவுன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போனால் 'ம்' என்பார். 'இன்றைக்குப் போகட்டும், விட்டுவிடுகிறேன்' என்று அதற்குப் பொருள்.

அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. நான் டெஸ்பாட்ச் குமாஸ்தாவாக இருக்கும் மிளகு ஏற்றுமதி கம்பெனியில் சரக்கு பார்ப்பது அவர் வேலை. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதை வெளியே எடுக்க, ஒரு சாண் நீளத்தில், நடுவே பள்ளம் விட்ட கூரான இரும்புக் கம்பி ஒன்று உண்டு. அதுதான் குத்தூசி. சாக்கில் குத்தி இழுத்தால் பள்ளத்தில் கொஞ்சம் மிளகு வரும். மூட்டைக்கு மூன்று குத்து: மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. வாயருகே நல்ல மிளகையும் அடியில் பப்பாளி விதையையும் போட்டுத் தைத்து அனுப்புகிற புண்ணியவான்கள் இருப்பதால் ஏற்பட்ட வழக்கம். பாய் அந்த வழக்கத்தை மூட்டையோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

கல்யாண வீட்டில் பிரியாணி வந்தால் கரண்டிக் காம்பை அடிவரை விட்டுப் பார்ப்பார். கலூருக்கு ஆட்டோவில் போனால் வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, மூன்று பேரிடம் கலூருக்கு எப்படிப் போவது என்று கேட்பார். பாவம், ஓட்டுபவர் கலூர்க்காரராகவே இருப்பார். டாக்டர் அவருக்கு சர்க்கரை என்று சொன்னபோது மட்டாஞ்சேரியில் ஒரு லேப், போர்ட் கொச்சியில் ஒன்று, எர்ணாகுளத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் ரத்தம் கொடுத்தார். மூன்றிலும் சர்க்கரை என்றே வந்தது. மூன்று லேபும் ஒரே ஆளுடையதாக இருக்கும் என்று முடிவு கட்டினார். மகள் ஷாஹினா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிய பிறகுதான் மாத்திரை போட ஆரம்பித்தார்.

வைப்பின் தீவுக்குப் போகும் படகில் நடந்ததுதான் உச்சம். உயிர்காக்கும் சட்டைக்குள் உண்மையிலேயே மிதக்கிற சரக்கு இருக்கிறதா என்று ஒரு சட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்த்துவிட்டார். படகுக்காரர்கள் சத்தம் போடவில்லை. அக்கரை போகிறவரை அந்த ஓட்டைச் சட்டையையே அவருக்கு மாட்டிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர் சந்தேகப்படாத ஒரே ஆள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, அதற்குக் காரணம் என் முட்டாள்தனம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், இரண்டு வியாபாரிகளின் சாம்பிள் தட்டுகளை ஒன்றாகக் கொட்டிவிட்டேன். குத்துமதிப்பாகப் பாதிப் பாதி பிரித்து வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பயந்துகொண்டே நானே போய் பாயிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாயா குடித்தாயா என்று கேட்டார். அன்று முதல் பதினாறு வருஷம், நான் வாங்கி வந்து கொடுக்கும் சாயாவை முகர்ந்து பார்க்காமல் குடித்தார். கோடவுனில் இதைப் பெரிய அதிசயமாகப் பேசிக்கொள்வார்கள்.

போன வருஷம் ஷாஹினா வீட்டில் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். பெயர் நவாஸ். நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் இல்லை. தொழில்தான் இடித்தது. காயலில், அதாவது ஊரை ஒட்டிய உப்பங்கழியில், ஆள் இல்லாத ஒரு சின்னத் தீவுக்குப் படகில் ஆட்களைக் கூட்டிப்போய், சனி, ஞாயிறு இரண்டு நாள் பிழைத்துக் காட்டச் சொல்லித் திரும்பக் கொண்டுவந்து விடுகிறான். நெருப்பு மூட்ட வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், ஓலையில் கூரை போட வேண்டும். முதல்முறை வருகிறவர்களும் தாராளமாக வரலாம், பயமே வேண்டாம் என்று விளம்பரம் வேறு.

பாய் அந்த விளம்பரத்தைப் போனில் மூன்று முறை படித்தார்.

"ஆளே இல்லாத எடத்துக்கு ஆளைக் கூட்டிட்டுப் போறவனுக்கு எம் பொண்ணைக் கொடுக்கணுமாம். இதுல பயம் வேண்டாம்னு எழுதியிருக்கான் பாரு தம்பி. பயம் இல்லாத எடத்துல எவனாவது அப்படி எழுதுவானா?"

பையன் வீட்டாருக்குத் திங்கட்கிழமை பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். வேண்டாம் என்று அவர் சொன்னால் ஷாஹினா மறுபேச்சுப் பேசமாட்டாள், வேறு ஒருவனைக் கட்டவும் மாட்டாள். அது அவருக்கும் தெரியும். அதனால் திங்களுக்கு முந்தின சனிக்கிழமைப் பயணத்துக்கு ரகசியமாக இரண்டு இடம் பதிவு செய்தார். தன் பெயர் அப்துல் காதர், வாழைக்குலை வியாபாரி என்று எழுதினார். என்னைத் தன் கடையில் குலை தூக்குகிறவன் என்று எழுதினார். நோய் ஏதாவது உண்டா என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து 'இல்லை' என்று போட்டார்.

வெள்ளிக்கிழமை ஷாஹினா எனக்குப் போன் செய்தாள். அத்தா பையில் துணி எடுத்து வைக்கிறார், குத்தூசியும் வைக்கிறார், மாத்திரையை மட்டும் எண்ணிப் பார்த்து ஒன்றுதான் வைக்கிறார், எங்கே போகிறார் என்று கேட்டாள். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று பாயிடம் சத்தியம் பண்ணியிருந்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் குரல் நடுங்கியது. சொல்லிவிட்டேன். நவாஸிடம் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டேன். அவள் சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை படகு ஜெட்டியில் நவாஸைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த, ஒல்லியான, சிரித்த முகம். பாயைக் கண்டதும், "வாங்க மாமா, இங்க நிழல்ல உட்காருங்க" என்றான்.

பாய் என் காதோரம் வந்தார். "மாமாங்கிறான். ஏன் மாமாங்கிறான்?"

வயதில் மூத்த எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். ஜெட்டியில் மீன் விற்ற பெரியவரை நவாஸ் என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று பாய் கவனித்தார். நல்லவேளை, அவரையும் மாமா என்றான்.

மொத்தம் எட்டுப் பேர். ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு ஜோடி, நான்கு கல்லூரி மாணவர்கள், ஒரு குலை வியாபாரி, ஒரு குலை தூக்கி. ஒரு மணி நேரப் படகில் தீவு வந்தது. நூறு தென்னை, கொஞ்சம் புதர், சுற்றிலும் தண்ணீர். நவாஸ் எல்லாருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டினான். ஆளுக்கு இரண்டு தீக்குச்சி கொடுத்தான். இனி உங்கள் பாடு என்றான். மாணவர்கள் கைதட்டினார்கள்.

பாய் குத்தூசியை எடுத்து மண்ணில் மூன்று இடத்தில் குத்தினார். மூன்றாவது குத்தில் கரித்துண்டு வந்தது.

"புதுத் தீவு இல்ல தம்பி. ஏற்கெனவே பொழங்கின தீவு."

அடுத்து விறகு. புதரோரம் காய்ந்த சுள்ளிகள் நிறையக் கிடந்தன. மற்றவர்கள் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் பொறுக்கினார்கள். பாய் நான்கு சுள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாணால் அளந்தார். காற்றில் விழுந்த சுள்ளி நாலும் எப்படி ஒரே நீளத்தில் இருக்கும் என்று நவாஸை எல்லார் முன்னாலும் கேட்டார். நவாஸ் தலையைச் சொறிந்தான். முந்தின நாளே தான் வெட்டிக் கொண்டுவந்து போட்டது என்றான். முதல்முறை வருகிறவர்கள் விறகு கிடைக்காமல் சோர்ந்துபோவார்கள், அதனால்தான் என்றான். மாணவர்கள் முகம் வாடியது. பாய் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். மேல் குத்தில் கலப்படம்.

நடுக் குத்து மத்தியானம் நடந்தது. மூன்று மணி நேரம் தூண்டில் போட்டும் யாருக்கும் மீன் விழவில்லை. பிறகு நவாஸ் பாறை இடுக்கில் கையை விட்டு கரிமீன் என்கிற காயல் மீன் எட்டை எடுத்தான். எட்டுப் பேருக்கு எட்டு மீன். பாய் ஒரு மீனின் செவுளைத் தூக்கி விரலை உள்ளே விட்டார். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம்.

"காயலுக்குள்ள ஐஸ் எப்ப போட்டாங்க?"

பாறைக்குப் பின்னால் ஐஸ் பெட்டி இருக்கிறது என்று நவாஸ் உடனே ஒப்புக்கொண்டான். பசியோடு யாரையும் படகில் திருப்பி அனுப்பத் தனக்கு மனசு வராது என்றான். பாய் இரண்டாவது விரலையும் காட்டினார். எனக்கு ஷாஹினாவின் குரல் காதில் கேட்டது. திங்கட்கிழமை பதில் இப்போதே எழுதியாகிவிட்டது என்று நினைத்தேன்.

இதற்குள் பாய் இன்னொரு காரியம் செய்திருந்தார். ஐஸ் மீனைத் தொடவில்லை. சுட்ட கப்பைக் கிழங்கை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார். கேனில் இருந்த தண்ணீரை யார் நிரப்பியது என்று தெரியாததால் குடிக்கவில்லை. காலையில் மாத்திரை மட்டும் போட்டிருந்தார். நவாஸ் மூன்று தடவை அவரிடம் வந்து ஏதாவது சாப்பிடச் சொன்னான். மூன்றாம் தடவை கெஞ்சினான்.

"நம்மகிட்ட மட்டும் ஏன் இப்படி விழுந்து விழுந்து கவனிக்கிறான்? என்னமோ இருக்கு" என்றார் பாய் என்னிடம்.

மூன்று மணிவாக்கில் கூரைக்கு ஓலை முடைந்துகொண்டிருந்தோம். பாயின் கை நடுங்கியது. சட்டை முழுக்க வியர்வை. என்ன என்று கேட்டேன். ஓலையைப் பார்த்து, இது யாருடைய மூட்டை என்று என்னைக் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

நான் கத்துவதற்குள் நவாஸ் வந்துவிட்டான். இடுப்பில் கட்டியிருந்த பையிலிருந்து குளுக்கோஸ் பாட்டிலை எடுத்தான். கலந்து தயாராகவே வைத்திருந்தான். பாயின் தலையைத் தன் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டான்.

"இந்த வெள்ளத்தைக் குடிங்க மாமா. முகர்ந்து பார்க்க வேண்டாம். திட்டுறதுன்னா பெறகு திட்டிக்கலாம்."

பாய் குடித்தார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. நவாஸ் கப்பையைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தான், அதையும் சாப்பிட்டார். தெளிந்த கண்ணோடு முதலில் பாட்டிலைப் பார்த்தார், பிறகு நவாஸைப் பார்த்தார்.

"நோய் இல்லைன்னுதானே எழுதிக் கொடுத்தேன். உனக்கு யாரு சொன்னது?"

அடிக் குத்து விழுந்துவிட்டது. பேப்பரில் அப்படி எழுதினாலும் எல்லாருக்கும் குளுக்கோஸ் வைத்திருப்போம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நவாஸ் தப்பித்திருப்பான்.

"ஷாஹினா சொன்னா மாமா. நீங்க யாருன்னு நேத்தே எனக்குத் தெரியும்."

"ஷாஹினாகிட்ட யாரு சொன்னது?"

"அது நான் சொல்ல மாட்டேன்" என்றான் நவாஸ். என் பக்கம் திரும்பாமல் காயலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் கடைசிவரை காட்டிக்கொடுத்திருக்க மாட்டான். பதினாறு வருஷத்துக்கு முன் இரண்டு தட்டு மிளகைக் கொட்டிவிட்டுப் போய் நின்றது போலவே அவர் முன்னால் போய் நின்றேன்.

"நான்தான் பாய்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதினாறு வருஷம் தம்பி. உன்னை மட்டுந்தான் நான் குத்திப் பார்த்ததில்ல."

மறுநாள் ஜெட்டியில் இறங்கும்வரை அவர் என்னோடு பேசவில்லை. நவாஸோடும் பேசவில்லை. ஆனால் அவன் கொடுத்ததையெல்லாம் நேரத்துக்குச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பையன் வீட்டாருக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். எங்கள் முதலாளி ஆச்சரியப்பட்டு விசாரித்தபோது, பாய் சொன்ன காரணத்தை நான் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டேன். விறகு கலப்படம், மீன் கலப்படம், தீவே பழசு. ஆனால் மூன்று குத்துக்கும் பையன் கேட்ட உடனே உள்ளதைச் சொன்னான். முப்பது வருஷத்தில் எந்த மூட்டைக்காரனும் அப்படிச் சொல்லித் தான் பார்த்ததில்லை என்றார். கல்யாணத்தில் அவர் பிரியாணியின் அடியைப் பார்த்ததையும், மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கரண்டி எடுத்துக் கொடுத்ததையும் தனியாக எழுத வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். அந்தத் திங்கட்கிழமை நான் வாங்கி வந்த சாயாவைப் பாய் முகர்ந்து பார்த்தார். கோடவுனே மூச்சு விடாமல் பார்த்தது. மத்தியானம் என் மேஜைக்கு வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொன்னார். கரண்டிக் காம்பை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று தடவை விட்டார். முகர்ந்தார். பிறகு எதிரே உட்கார்ந்து பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு 'ம்' என்று எழுந்து போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஒரு வாரம் எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு அவர் வரப் பத்து நிமிஷம் தாமதமானால் வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

போன மாதம் பாய் வேலையிலிருந்து நின்றுவிட்டார். மருமகனோடு சனிக்கிழமைகளில் தீவுக்குப் போகிறாராம், விறகை வேறு வேறு நீளத்தில் வெட்டிப் போடுவது இப்போது அவர் பொறுப்பாம். மத்தியானம் என் டப்பாவைக் குத்திப் பார்க்க யாரும் வருவதில்லை. இருந்தாலும் காலையில் சோறு கட்டும்போது, நல்ல மீன் துண்டை, பாயின் மூன்றாவது குத்துக்கென்று வைத்துப் பழகிய என் கை இன்னும் அடியில்தான் வைக்கிறது.