அப்பத்தா கைப் பூண்டுக் குழம்பு

எதைத் தின்னக் கொடுத்தாலும், "எங்க அப்பத்தா கை மாதிரி வருமா!" என்று பெருமூச்சு விடும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. அப்பத்தா வாய்க்காதவர்கள் அம்மாச்சியைச் சொல்வார்கள். அதுவும் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக் கிழவியை இரவல் வாங்கியாவது சொல்லாமல் விடமாட்டார்கள்.

பெருமாள்மலையில் டாக்ஸி ஓட்டும் கோகுல்ராஜ் இந்த இனத்தில் சிங்கம். மலைப்பாதையில் முதல் வளைவில் அட்டைக் கடிக்கு அப்பத்தா சுண்ணாம்பு தடவியது, இரண்டாவது வளைவில் ஒரே கம்பளிக்குள் அவனை அணைத்துக்கொண்டு தூங்கியது, மூன்றாவது வளைவில் மலைப்பூண்டைத் தட்டிப் போட்டு அவள் வைத்த குழம்பு என்று அவன் சொல்லிக்கொண்டே போனால், வாந்தி வரும் நிலையில் இருக்கிற பயணிகூடக் கண்கலங்கி, "பாவம், எப்பங்க தவறுனாங்க?" என்று கேட்பார். தவறவாவது! அப்பத்தா காளியாயி, ஒன்றரை மணி நேரத் தொலைவில், மேல்மலையில் சித்தப்பா வீட்டில், எண்பத்திரண்டு வயதில் கல்லு மாதிரி இருக்கிறாள். இவன் போய்ப் பார்த்துத்தான் ஒன்றரை வருஷம் ஆகிறது. கேட்டால், சோலி என்பான்.

இதில் அடிபட்டவள் அவன் மனைவி சுபஸ்ரீ. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் வைத்த பூண்டுக் குழம்பு நானூறு தேறும். "நல்லாருக்கு" என்ற ஒரு சொல் தேறவில்லை. ஒரு வாய் வைப்பான். கண்ணை மூடுவான். "எல்லாம் இருக்கு. ஆனா அப்பத்தா கை இல்ல" என்பான். அப்புறம் மூன்று தடவை ஊற்றச் சொல்லிச் சாப்பிடுவான். அவள் நகையா கேட்டாள், பட்டா கேட்டாள்? அந்த ஒரு சொல்லைத்தானே எதிர்பார்த்தாள்! பொறுத்துப் பார்த்தவள், போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே பஸ் ஏறிப் போய், அப்பத்தாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று மணிக்குச் சாப்பிட வந்தான் கோகுல்ராஜ். அப்பத்தாவைப் பார்த்தான். குழம்பு வாசனையைப் பிடித்தான். ஒரு வாய் வைத்ததுதான் தாமதம், கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"இதான்! இதான் எங்க அப்பத்தா கை! சுபா, பக்கத்துல நின்னு கத்துக்கிட்டியா?"

"ஏலே, நான் அடுப்படிய எட்டிக்கூடப் பாக்கல" என்றாள் அப்பத்தா. "வச்சது ஒம் பொண்டாட்டி."

"அப்ப நீ சொல்லிக் குடுத்தியா?"

"எனக்கு எங்கலே தெரியும்? வெள்ளனே பூண்டுக் காட்டுக்குப் போனா, பொழுது சாஞ்சுதான் வருவேன். வந்து ஒனக்கு ஊட்டிவிட்டதுதான் நான் செஞ்சது. அது ஒங்க ஆத்தா வச்ச குழம்புல்ல!"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் அம்மா முருகேஸ்வரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சுபா கல்யாணமாகி வந்த மூணாம் நாளே சொல்லிக் குடுத்துட்டேன். இத்தன வருசமா நீ திங்கிறது அதே குழம்புதான்."

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"ஒன் வாயி எங்கடா சும்மா இருந்துச்சு, நான் சொல்றதுக்கு?"

அப்பத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். சுபஸ்ரீ மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒன்பது வருஷத்துச் சொல் இப்போதாவது வந்துதானே ஆகவேண்டும்!

கோகுல்ராஜுக்கும் நெஞ்சு நெகிழ்ந்துதான் போயிற்று. அம்மாவைப் பார்த்தான். குழம்பைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டான்.

"என்ன இருந்தாலும், எங்கம்மா கைப்பக்குவம் யாருக்கு வரும்!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால், இன்று மத்தியானம் உங்கள் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு, ஒருவர் ஒரு நிமிஷம் பக்கத்திலேயே சும்மா நின்றாரே, எதற்கென்று நினைத்தீர்கள்?