டாப் கியர் பாயும் மூன்று தலைமுறை வேனும்

திண்டுக்கல்லில் அசைக்க முடியாதவை இரண்டு. ஒன்று, மலைக்கோட்டை உட்கார்ந்திருக்கிற பாறை. இன்னொன்று, டாப் கியர் பாயின் அபிப்பிராயம். பாறையையாவது வெடி வைத்துப் பார்க்கலாம்.

வேடசந்தூர் சாலையில் இருந்த நூற்பாலையில் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். அலுவலக ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன் அவருடையது. சொந்த வண்டி, மில்லுக்கு ஒப்பந்தம். காலையில் பேகம்பூரில் கிளம்பி, ஊரைச் சுற்றி எங்களைப் பொறுக்கிக்கொண்டு போய் மில் வாசலில் கொட்டுவார். தெருமுனையில் வேன் உறுமுகிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் செருப்பையே மாட்டுவேன். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவர் வண்டியில் டாப் கியர் என்று ஒன்று இருந்தது. அதை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை. பெயர் அப்படி வந்ததுதான்.

"ஏன் பாய், டாப்ல போட்டாத்தான் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டாப் கியருங்குறது வண்டிக்கு உசுரு மாதிரி சார். உசுர தெனமுமா வெளிய எடுத்துக் காட்டுவாங்க?"

எங்களை டிராக்டர்கள் முந்தின. ஒருமுறை நாதஸ்வரத்தோடு ஒரு கல்யாண ஊர்வலமே முந்தியது.

அவர் முதலில் வைத்திருந்தது சப்பை மூக்கு வேன். அந்தத் தலைமுறை வண்டியில் இன்ஜின் வெளியே இருக்காது. டிரைவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில், இரும்புப் பெட்டிக்குள் உறுமிக்கொண்டிருக்கும். பெட்டிக்கு மேலே ரெக்சின் விரித்து, அதிலும் ஒரு ஆளை உட்கார வைப்பார் பாய். மார்கழியில் அந்த இடத்துக்குப் போட்டி நடக்கும். சித்திரையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை அதில் உட்கார வைப்போம். அவர்கள் மில்லுக்குள் போகும்போது வெந்துதான் போவார்கள். ஸ்டியரிங்கை ஒடிக்க இரண்டு தோளும் வேண்டும். வளைவு வந்தால் பயணிகளுக்கும் வேலை உண்டு. "எல்லாரும் இடது பக்கம் சாய்ங்க!" என்று கத்துவார். சாய வேண்டும். சாயாதவர்களை அடுத்த நாள் ஏற்ற மாட்டார்.

சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த கோமதியம்மா மட்டும்தான் எதிர்த்துப் பேசுவார். "நாங்க சாயலேன்னா வண்டி திரும்பாதாக்கும்?"

"திரும்பும் தாயி. ஆனா மனசில்லாம திரும்பும்."

வருடங்கள் ஓடின. அதே கம்பெனியின் அடுத்த தலைமுறை வேன் வந்தது. இதற்கு மூக்கு முளைத்திருந்தது. இன்ஜின் முன்னால் போய்விட்டது. பவர் ஸ்டியரிங், பெரிய கண்ணாடி, உயர்ந்த கூரை. அதைப் பார்க்க பாய் என்னையும் அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு வெள்ளை வேட்டியோடு அப்படியே தரையில் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். வெகு நேரம் பாதங்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"சார், எல்லாம் செக் பண்ணித்தான் சார் வந்திருக்கு" என்று விற்பனைப் பையன் அந்தப் பாதங்களிடம் கெஞ்சினான்.

அடியிலிருந்து குரல் வந்தது: "தம்பி, இதோட அப்பன் எங்கிட்டதான் இருக்கான். மகனப் பத்தி எனக்கா சொல்ற?"

அவர் மனைவி என்னிடம் திரும்பி, "என்னயக் கட்டுறப்பகூட இம்புட்டுப் பாக்கல சார்" என்றார்.

வாங்கினார். வாங்கிய பிறகும் ஒரு வருடத்துக்குத் திட்டினார். "இஞ்சின வெளிய வச்சிருக்கான் பாருங்க. அடுப்பத் தெருவுல வச்சுச் சோறாக்குன மாதிரி இருக்கு." அதற்குப் பிறகு அதுதான் உலகத்திலேயே உயர்ந்த வண்டியாகிவிட்டது. எங்களைப் பார்த்து, "அந்தக் காலத்துல இஞ்சின் மேலயே உக்காந்து போவாய்ங்க சார், காட்டுமிராண்டிங்க" என்று சொல்லுமளவுக்கு.

இந்த வேன் தலைமுறைகளை வைத்துத்தான் அவர் மனிதர்களையும் அளந்தார். எங்கள் மேலாளர் சப்பை மூக்கு மாடல்: "சூடு பூராம் உள்ளயே வச்சிருக்காரு." சொந்தக்காரர் ஒருவர் மாப்பிள்ளை விசாரிக்கச் சொன்னபோது போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பழைய மாடல்தான். செத்த புகை வரும். ஆனா ஏத்தத்துல இழுப்பான், குடுக்கலாம்" என்று சான்றிதழ் கொடுத்தார். அந்தக் கல்யாணம் நடந்தது. நன்றாகவும் இழுத்தது.

சப்பை மூக்கை ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி வியாபாரிக்கு விற்றார். இருக்கைகளைக் கழற்றிவிட்டு வியாபாரி அதில் முருங்கைக்காய் ஏற்றினார். விற்றவர் விற்றதோடு விட வேண்டுமே. விடுமுறை கிடைத்தால் பஸ் ஏறிப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வருவார். ஆயில் மாற்றினார்களா, டயர் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். வியாபாரி ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏனுங்க பாய், வண்டிய எனக்கு வித்தீங்களா, இல்ல கட்டிக் குடுத்தீங்களா?"

பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "பெரியவன் ஒங்களுக்குப் புடிச்ச மாதிரி நடந்துக்குறானா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பெரியவன்.

பிறகு மூன்றாம் தலைமுறை வந்தது. இரண்டாவது வேன் அவருடைய அக்கா மகன் பிரியாணிக் கடைக்கு அண்டா சுமக்கப் போயிற்று. அதில் அவருக்கு வருத்தமில்லை. "அவனுக்குத் தெனமும் விருந்து" என்றார். வருத்தமெல்லாம் புதியவனைப் பற்றித்தான்.

புதியது உண்மையிலேயே பிரமாண்டம். ஏசி, நிமிர்ந்து நடக்கலாம், பின்னால் கேமரா, எங்கே பார்த்தாலும் சென்சார். நாங்கள் வாய் பிளந்தோம். பாய் உதட்டைப் பிதுக்கினார்.

"வேனா சார் இது? டயர் வச்ச செல்போனு."

சீட் பெல்ட் போடாவிட்டால் அது கீங் கீங் என்று கத்தும். "ஏலே, போடுறேன்ல! செத்த பொறுடா" என்று இவர் பதில் கத்துவார். ரிவர்ஸ் எடுக்கும்போது அது எச்சரித்தால் இன்னும் மோசம். "பின்னாடி சுவர் இருக்காம், எங்கிட்டச் சொல்றான். அந்தச் சுவத்துக்குச் செங்கல் கொண்டாந்து எறக்குனதே நாந்தான்." புகையைச் சுத்தப்படுத்த அந்த வண்டிக்கு டீசலோடு யூரியாத் தண்ணீரும் ஊற்ற வேண்டும். அதைக் கேட்ட அன்று அவர் மத்தியானம் சாப்பிடவே இல்லை. "வயலுக்குப் போடுறத வண்டிக்கு ஊத்தச் சொல்றான் சார். நாளைக்குக் களை எடுக்கச் சொல்லுவான்."

எல்லாவற்றையும்விட அவருக்கு ஆகாதது அதன் பிரேக். சக்கரம் இறுகிச் சறுக்காமல் பிரேக்கை அதுவே விட்டு விட்டுப் பிடிக்குமாம் என்று ஷோரூமில் விளக்கியிருந்தார்கள். "நான் மிதிப்பேன், அது தனியா ஒண்ணு யோசிக்குமா? ஒரு வண்டிக்கு எத்தன டிரைவரு?"

அந்தச் சமயத்தில்தான் கோமதியம்மாவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சிறுமலையில். மலை வாழையும் மிளகும் போட்டிருக்கிற குடும்பம். மறுவீட்டு விருந்துக்கு பாயின் புது வேனில்தான் போனோம். பெண், மாப்பிள்ளை, கோமதியம்மா, அவர் பக்கத்துச் சொந்தங்கள், மில்லிலிருந்து சிலர். நான் முன்னிருக்கையில்.

விருந்து முடிந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சம்பந்தி வீட்டார் கொடுத்தனுப்பிய வாழைத்தார் கடைசி வரிசையில் ஒரு ஆளைப் போல உட்கார்ந்து வந்தது. மலைச் சாலை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பாய், "வலது பக்கம் சாய்ங்க! இப்ப இடது!" என்று வழக்கம்போல உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். சாய வேண்டிய அவசியமே இல்லாத வண்டி. புது மாப்பிள்ளை மட்டும் மரியாதைக்காக ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சாய்ந்தார்.

ஒரு வளைவைத் திரும்பினோம். சாலைக்குக் குறுக்கே கருப்பாக ஒரு சுவர் நின்றது.

காட்டெருமை.

பக்கவாட்டில் தாழ்வான தடுப்புச் சுவர். அதற்கு அப்பால் வெறும் பனி. கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. பாய் பிரேக்கை மிதித்தார். இந்த முறை அவர் "சாய்ங்க" என்று கத்தவில்லை. உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. அவர் காலடியில் பிரேக் பெடல் படபடவென்று துடித்த சத்தம் எனக்கே கேட்டது. பின்னால் யாரோ வீறிட்டார்கள். வாழைத்தார் உருண்டு முன்வரிசை வரை வந்தது. சறுக்கப் போகிறது, திரும்பப் போகிறது என்று நான் கண்ணை இறுக மூடினேன்.

ஒன்றும் ஆகவில்லை. திறந்து பார்த்தபோது வேன் கோடு கிழித்த மாதிரி நேராக நின்றிருந்தது. எங்களுக்கும் காட்டெருமைக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. நிற்கத்தான் ஆளில்லை. வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் ஓடியது. காட்டெருமையும் அதைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

"ஹாரன் அடிங்க பாய்" என்று கோமதியம்மா கிசுகிசுத்தார்.

"வேணாம் தாயி. அது அவங்க ரோடு."

அது ஆற அமரப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய மனிதரின் நடையோடு புதருக்குள் இறங்கிப் போனது.

பாய் வண்டியை ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கொட்டுகிற மழையில் இறங்கினார். முன்பக்கம் போய் நின்று, வண்டியின் மூக்கில் உள்ளங்கையை வைத்தார்.

"மன்னிச்சுக்கப்பா" என்றார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கு எல்லாமே கேட்டது. "வந்த நாள்ல இருந்து ஒன்னயப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன். செல்போன்னேன். யூரியா குடிக்கிறவன்னேன். மனசுல வச்சுக்காத. கல்யாணப் புள்ளைகளக் காப்பாத்திக் குடுத்துட்ட."

மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார். "அத்தை, அவரு யார்கிட்ட பேசுறாரு?"

"வேன்கிட்ட மாப்ள. நீங்க ஒண்ணும் கேக்காதீங்க."

சொல்லிவிட்டுக் கோமதியம்மாவும் இறங்கினார். இத்தனை வருடம் பாயை ஒரு சொல் விடாமல் எதிர்த்துப் பேசிய அதே கோமதியம்மா, நனைந்துகொண்டே போய் வேனின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பெண், மாப்பிள்ளை, ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கினோம். மலை நடுவில், மழைக்குள், ஒரு வேனைத் தொட்டுக் கும்பிட வரிசையில் நின்ற ஒரே கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர்கள் எங்கோ உட்கார்ந்து யோசித்து யோசித்து, போன தலைமுறை வண்டியில் இல்லாத ஒன்றை இதில் வைத்திருக்கிறார்கள். அதனால் நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம். அதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

மறுபடி கிளம்பியபோது பாய் கண்ணாடியில் பின்னால் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"பெரியவனா இருந்தா நின்னிருக்க மாட்டான் சார்."

"என்ன பாய் சொல்றீங்க?"

"ரொம்ப வருசத்துக்கு முந்தி, இதே ரோட்டுல, இதே மாதிரி மழை. காலியா வந்துக்கிட்டு இருந்தேன். பிரேக்க மிதிச்சேன், பம்பரம் மாதிரி சுத்திருச்சு. ஓரத்துச் சுவருதான் நிப்பாட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லல."

"ஏன் பாய்?"

"பெரியவனுக்குக் கெட்ட பேரு வந்துரும்ல?"

அந்த வார விடுமுறையில் ஒட்டன்சத்திரம் போனார். நானும் போனேன். பெரியவன் மார்க்கெட் வாசலில் முருங்கைக்காய்க் கட்டுகளோடு நின்றிருந்தான். பாய் துண்டால் அவன் முகப்பு விளக்கைத் துடைத்தார். பிறகு வியாபாரியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ எம்புட்டு வேணும்னாலும் ஓட்டுங்க. மலைக்கு மட்டும் இவன ஏத்தாதீங்க. வயசாயிருச்சு. அவனா வாயத் தொறந்து சொல்ல மாட்டான்."

கேலி பேசுகிற வியாபாரி பாயின் கையை விடவில்லை. "சரிங்க பாய். ஏத்த மாட்டனுங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பாய் இன்னும் ஓட்டுகிறார். போன மாதம் போன் செய்தார். "சார், கரண்டுல ஓடுற வேன் வந்துருக்காம். போய்ப் பாத்துட்டு வருவோமா?" அன்றைக்கு எனக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. பல் எங்கே போகப் போகிறது, வருகிறேன் என்றேன்.

ஷோரூம்காரர்கள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க விட்டார்கள். பாய் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். வண்டி கிளம்பியதே எனக்குத் தெரியவில்லை. ஜன்னலில் மரங்கள் நகர்ந்த பிறகுதான் தெரிந்தது. உறுமல் இல்லை, புகை இல்லை, கியரே இல்லை. பாய் டாஷ்போர்டை நோட்டம் விட்டுக்கொண்டே மெதுவாக ஓட்டினார். எதைத் திட்டுவது என்று தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். திருப்பி நிறுத்தியவர், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இம்புட்டு அமைதியா வந்து நின்னா, நான் வந்தது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும் பாய்" என்றேன்.