காயாத கதவு

பாலிஷ் அக்காவுக்கு டாக்டரம்மா சொன்ன முதல் மருந்து தண்ணீர். நிறையக் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது. அடக்கினால் இந்த முறை வெறும் எரிச்சலோடு போகாது, சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். குடிப்பதில் அக்காவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. குடித்துவிட்டு எங்கே போவது?

அவள் இருந்தது மரவேலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தில். கூலிக்கு அல்ல, பங்கு போட்ட உறுப்பினர். தலைவருக்கு ஒரு ஓட்டு என்றால் அவளுக்கும் ஒரு ஓட்டு. பட்டறைக்குப் பின்னால் பெண்களுக்கென்று கழிப்பறையும் இருந்தது, அதற்குள் கூரை முட்ட பிளைவுட் இருந்தது. ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு செய்து மாட்டியவர்களுக்கு இந்த ஒரு கதவைத் திறந்துவிட மட்டும் கை வரவில்லை.

பாலிஷ் பிரிவில் இருந்த நாலு பெண்களும் காலையில் வீட்டில் போவதுதான், மறுபடி வீட்டுக்குப் போய்த்தான். நடுவில் தொண்டை காய்ந்தாலும் தண்ணீர்ப் பானைப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. சங்கங்களில் ஆணும் பெண்ணும் சமமாக நடத்தப்படுகிறார்களா என்று பார்க்க அதிகாரி வருகிறார், அவர் சரி என்றால்தான் பள்ளிக்கூட பெஞ்சு ஆர்டர் கிடைக்கும். தலைவருக்கு அன்றைக்கே பெண்கள் மேல் பாசம் பொங்கியது.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார். அவள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னதுதான்.

பிளைவுட்டை வெளியே எடுத்தார்கள். மழையில் போட முடியுமா? ஆண்கள் கழிப்பறைக்குள் அடுக்கினார்கள். அப்புறம் ஆண்கள் எங்கே போவார்கள்? பெண்கள் கழிப்பறை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அக்கா போய்க் கேட்டதற்கு, சமத்துவம் என்றால் எல்லாருக்கும் எல்லாம் பொதுதானே என்று ஒருத்தர் பல்லைக் குத்திக்கொண்டே விளக்கம் சொன்னார். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

அக்கா விடவில்லை. தலைவரிடம் போனாள். தலைவர் உடனே நடவடிக்கை எடுத்தார். நன்றாகக் கழுவச் சொல்லி, பெரிய பூட்டாகப் போட்டு, சாவியைச் செயலாளரிடம் கொடுத்தார். அந்த மனிதருக்குப் பட்டப்பெயரே சாவிக்கொத்து. இடுப்பில் தொங்குவதை ராத்திரி தூங்கும்போதும் கழற்ற மாட்டார் என்று அவர் பெண்சாதியே சொல்லியிருக்கிறாள். அதிகாரி வரும்வரை ஒரு ஈ காக்கா உள்ளே போகக் கூடாது என்பது உத்தரவு.

"நாங்களும் ஈ காக்காவாண்ணே?" என்று அக்கா தலைவரிடம் கேட்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. எல்லாம் உங்களுக்காகத்தானே."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கோயிலையே பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டார்களா? கதவு பார்க்க அசிங்கமாக இருக்கிறது, அதிகாரி கண்ணில் முதலில் படுவது அதுதான் என்று கமிட்டி கூடிப் பேசி, அதற்குப் பாலிஷ் போடுவது என்று முடிவு செய்தது. பாலிஷ் போடுவது யார்? அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, தான் நுழைய முடியாத கதவை அக்காவே தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். போதாது, இன்னும் மினுங்க வேண்டும் என்று ஆய்வு அன்று காலையில் தலைவர் இன்னொரு பூச்சு பூசச் சொன்னார். மழை ஈரத்தில் வார்னிஷ் எங்கே காயும்?

வந்த அதிகாரி ஒரு பெண். அக்காவுக்கு அவரைப் பார்த்ததும் கண்ணே நிறைந்துவிட்டது. பொம்பளை கஷ்டம் பொம்பளைக்குத்தானே தெரியும்.

மேடம் டீ வேண்டாம் என்றார். தண்ணீர் வேண்டாம், இளஞ்சூடாக வெந்நீரும் வேண்டாம். ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று தலைவருக்கு வியர்த்தது. நல்ல ஜூஸாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லிச் சாவிக்கொத்தைக் கடைக்கு விரட்டினார். அவர் போனார். அவர் இடுப்பில் சாவியும் போனது.

மேடம் உட்காரக்கூட இல்லை. "லேடீஸ் டாய்லெட் எங்க இருக்கு?"

தலைவர் கதவின் அழகைக் காட்டினார். மேடம் அழகைப் பார்க்கவில்லை. "திறங்க."

வார்னிஷ் ஈரம், புடவையில் ஒட்டும் என்றார் தலைவர்.

"ஒட்டினா ஒட்டட்டும். திறங்க."

சாவி கடைக்குப் போயிருக்கிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இதைவிட்டால் வேறு நாள் வராது என்று அக்கா முன்னால் வந்தாள்.

"மேடம், இத எங்களுக்குத் திறந்ததே இல்ல. உள்ள பலகைதான் அடுக்கியிருந்தாங்க. அடக்கி அடக்கி எனக்கு உடம்பே கெட்டுப்போச்சு. நீங்கதான் கேக்கணும்."

மேடம் அவளையே பார்த்தார். முகம் இறுகியது, நெற்றி வியர்த்தது. "எழுதிக் குடும்மா, பாக்கலாம்" என்றார். தலைவர் நீட்டிய தாளில் காட்டிய இடத்திலெல்லாம் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பெண்களுக்கான வசதி: உண்டு. மறுபேச்சில்லாமல் காரை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஆர்டர் கிடைத்த மாதிரிதான் என்று பட்டறையே கைதட்டியது. பிளைவுட்டைப் பழையபடி உள்ளே அடுக்கலாம் என்று தலைவர் சொல்லியும் விட்டார்.

மேடம் மறந்து வைத்த கண்ணாடியை எடுக்க டிரைவர் திரும்பி வந்தார். அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டு நிமிஷம் நின்னிருந்தா சாவி வந்திருக்கும். பொம்பளைக்குப் பொம்பளையே இரங்கலைன்னா வேற யாருண்ணே இரங்குவா?"

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்களால நிக்க முடிஞ்சாத்தானேம்மா. எங்க ஆபீஸ் லேடீஸ் டாய்லெட் பூரா ஃபைலா அடுக்கி வெச்சிருக்கு, அதக் காலி பண்ணச் சொல்லி மேடம் எழுதிக் குடுத்த மனுவும் அதுக்குள்ளதான் இருக்கு."