உஷ்ணப் பதிவேடு

பெங்களூரில் வெயில் கிடையாது. இது வானிலைச் செய்தி அல்ல, எங்கள் கழகத்தின் நிலையாணை. ஐம்பதுகளில் ஒரு ஜனவரி மாதத்தில் பொறுப்பேற்ற மேலதிகாரி ஒருவர், தம் கம்பளிக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு இப்படி எழுதிவைத்தார்: "பெங்களூர் நகர எல்லைக்குள் அமைந்த அலுவலகங்களில் மின்விசிறிகள் உகாதி முதல் மே 31 வரை மட்டுமே சுழலும். ஏனைய மாதங்களில் உஷ்ணம் இல்லை." அதற்குப் பிறகு ஏரிகளில் வீடுகள் முளைத்தன, சாலையோர மரங்கள் விறகாயின. உத்தரவு மட்டும் வாடாமல் இருந்தது.

மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இயங்கியது எங்கள் அளவை முத்திரைக் கழகம். கடைக்காரர்களின் படிக்கல்லும் தராசும் சரிதானா என்று சோதித்து முத்திரை குத்துவது வேலை. நாற்பத்தொரு ஊழியர்கள், ஒன்பது ஃபேன்கள். ஃபேன் சுவிட்சுகள் எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தன. பெட்டிக்குப் பூட்டு உண்டு. பூட்டின் சாவி கண்காணிப்பாளர் கோவிந்தப்பாவின் இடுப்பு பெல்ட்டில் தொங்கியது. அவர் நடந்தால் சாவி சத்தம் கேட்கும், நாங்கள் எழுத ஆரம்பிப்போம்.

1998 நவம்பரில் வேதநாயகிக்கு நாற்பத்தேழு முடிந்தது. தொம்மலூர்க்காரர், முதுநிலை உதவியாளர், இருபத்து நான்கு வருட சர்வீஸ். தராசு முள் ஒரு நூலளவு சாய்ந்தாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். அதற்குச் சில மாதம் முன்பிருந்தே அவருடைய உடம்பு எந்த அளவைக்கும் கட்டுப்படாமல் போயிருந்தது. முப்பது வருடமாகத் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்த மாதவிலக்கு, இரண்டு மாதம் வராமல் இருந்துவிட்டு மூன்றாம் மாதம் தணிக்கைக் குழுவைப் போல முன்னறிவிப்பின்றி வந்து பதினோரு நாள் தங்கியது. நெஞ்சில் தொடங்குகிற சூடு கழுத்துக்கு ஏறி, காதுகளைச் சிவக்கவைத்து, நெற்றியில் வியர்வையாகக் கொட்டும். நான்கு நிமிடம் கழித்து, போர்வை கேட்கிற மாதிரி குளிரும். தூக்கம் துண்டு துண்டாயிற்று. வெளிர்நிறப் புடவைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கைப்பையில் எப்போதும் ஒரு மாற்றுப் புடவை இருந்தது. சூடு ஏறும்போதெல்லாம் எழுந்துபோய் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார். நாளைக்கு ஆறு தடவை, சில நாள் எட்டு.

இருக்கையை விட்டு எழுந்ததற்கு ஒரு மெமோ வந்தது. மெமோவைப் படிக்கும்போது சூடு ஏறி மறுபடியும் எழுந்துவிட்டதால் இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வந்தால் சந்தாபுரா கிடங்குக்கு மாற்றல் என்பது எங்கள் வழக்கம். தொம்மலூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். கூரை தகரம். இந்த உடம்போடு அந்தத் தகரத்துக்கு அடியில் உட்காருவதை நினைத்தாலே வேதநாயகிக்கு இன்னொரு தடவை வேர்த்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தம் மேசைக்கு நேர் மேலே இருக்கும் ஏழாம் எண் ஃபேன் ஓடவேண்டும்.

"சார், ஃபேன் போடுங்க."

கோவிந்தப்பா ஸ்வெட்டருக்கு மேல் மஃப்ளர் சுற்றியிருந்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி.

"ஏனம்மா இது? டிசம்பர்ல ஃபேனா?"

"எனக்கு வேர்க்குது சார்."

"ஆஃபீஸுக்கு வேர்க்கலியே."

"ஆஃபீஸுக்கு நாப்பத்தேழு வயசு ஆகலியே சார்."

"ஆச்சும்மா. ஐம்பத்தொண்ணுல ஆரம்பிச்சது. கூட்டிப் பாருங்க." அவர் தாமே ஒருமுறை கூட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தார். "சரி, ஸ்பெஷல் பர்மிஷன் கேக்கலாம். எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் வேர்க்கும்?"

"தேதி தெரிஞ்சா நான் ஏன் சார் தினமும் கருப்புப் புடவையில வரேன்?"

கோவிந்தப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மஃப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு, அரசாங்கத்தில் புரிந்துவிட்டவர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்:

"மெடிக்கல் சர்டிஃபிகேட் கொண்டாங்க."

டாக்டர் சாந்தகுமாரி நேர்மையானவர். அதுதான் பிரச்சினை. ரத்தம் சோதித்தார், ஸ்கேன் எடுத்தார், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார், உதிரப்போக்கு அதிகமானால் உடனே வரச் சொன்னார். சான்றிதழில் உள்ளதை உள்ளபடி எழுதினார்: "மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாறுதல்கள். இது நோய் அல்ல, இயற்கை. சில ஆண்டுகள் நீடிக்கலாம். காற்றோட்டமான இடத்தில் அமர்வது நல்லது."

கோப்பில் குறிப்பு ஏறியது: "நோய் அல்ல என்று மருத்துவரே சான்றளித்திருப்பதால் நோயாளிகளுக்குரிய சலுகைக்கு இடமில்லை. மேலும் இது இயற்கை எனத் தெரிவதால், இயற்கைக்கு எதிராகக் கழகம் செயல்படுவது முறையாகாது."

இந்த இடத்தில் யூனியன் களத்தில் இறங்கியது. யூனியன் என்றால் டென்சில். கன்டோன்மென்ட் பக்கத்து ஆள், உரத்த குரல், எதற்கும் அஞ்சாதவர்.

"அக்கா, நீங்க கவலையே படாதீங்க. கோரிக்கை மனு ரெடி. நோட்டீஸ் போர்டுல ஒட்டப்போறேன்."

வேதநாயகி வாங்கிப் படித்தார். "என்னப்பா இது, 'மகளிர் வெப்பமயமாதல் பிரச்சினை'?"

"அந்த வார்த்தைய எப்படிக்கா போர்டுல போடறது? ஜென்ட்ஸ் எல்லாம் படிப்பாங்க."

"ஜென்ட்ஸ் படிக்கத்தானே ஒட்டறே?"

"படிக்கணும். ஆனா புரியக்கூடாது."

மனுவை ஆராய ஐவர் குழு அமைந்தது. ஐவரும் ஆண்கள். பெண் ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கும், அதனால் நடுநிலை கெடும் என்று விளக்கம் சொன்னார்கள். குழு வேதநாயகியின் மேசைமேல் ஒரு வெப்பமானியைக் கட்டியது. ஒரு வாரம் மணிக்கொருமுறை அளவெடுத்தது. இருபத்திரண்டு டிகிரிக்கு மேல் அது ஏறவே இல்லை. ஒருமுறை குழுத் தலைவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே வேதநாயகியின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வெப்பமானியின் மேல் விழுந்தது. தலைவர் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டார். அறிக்கையின் கடைசி வரி இது: "மேற்படி உஷ்ணம் ஊழியரின் உட்புறத்தில் நிலவுவதாகத் தெரிகிறது. உட்புறம் கழகத்தின் ஆட்சி எல்லைக்குள் வராது."

ஒரு வருடம் போயிற்று. வேதநாயகி வராந்தாவுக்குப் போவதைக் குறைத்து, கோப்பு அட்டையால் விசிறிக்கொண்டு பல்லைக் கடித்தார். பெயர்கள் மறந்தன, கோபம் மறக்கவில்லை. மூன்றாவது மெமோ கோவிந்தப்பாவின் இழுப்பறையில் தட்டச்சாகித் தேதிக்காகக் காத்திருந்தது.

அப்போதுதான் ஊரில் தரச் சான்றிதழ் மோகம் பரவியது. எங்கள் தெரு முனைக் காண்டிமென்ட்ஸ் பலகாரக் கடையில்கூட, நிப்பட்டுத் தட்டை பாட்டில்களுக்கு மேலே, கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. கழகத்துக்கும் ஒன்று வேண்டும் என்று மேலிடம் ஆசைப்பட்டது. ஆலோசகராக ஹரிஷ்குமார் வந்தார். கழுத்தில் டை, வாயில் ஒரே மந்திரம்: "எழுதாதது நடக்கல. எழுதினது நடந்தது."

வேதநாயகியின் கோப்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மேடம், உங்க பிரச்சினை என்னன்னா, இதுக்கு ஒரு ரெக்கார்டு இல்ல."

"ரெக்கார்டு இருந்தா சூடு குறையுமா தம்பி?"

"குறையாது மேடம். ஆனா மேனேஜ் ஆயிடும்."

பத்தே நாளில் உத்தரவு வந்தது. ஏழாம் எண் ஃபேன் ஆண்டு முழுவதும் ஓடலாம். அதன் காற்றைப் பெறுகிறவர் உஷ்ணப் பதிவேட்டில் ஒருமுறையேனும் பதிவு செய்யவேண்டும். பெயர் (ஆண்/பெண்), வயது, சூடு தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், கடைசி மாதவிடாய் பற்றிய விவரம், கையெழுத்து. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது.

2000 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை ஏழாம் எண் ஃபேன் சுழன்றது. வேதநாயகி அண்ணாந்து பார்த்தார். அவர் சிரித்ததை நாங்கள் வெகுநாள் கழித்துப் பார்த்தோம். பதினைந்து நிமிடம் சிரித்திருப்பார்.

"அம்மா," என்றார் கோவிந்தப்பா, வணக்கமாக, "ஒரு சின்ன சிக்கல். என் தலைக்கு மேல ஃபேன் நிக்குது, உங்க தலைக்கு மேல ஓடுது. வெளியாளுங்க வந்து பார்த்தா யாரை சூப்பரின்டென்டென்ட்னு நினைப்பாங்க?"

மேசைகள் இடம் மாறின. கோவிந்தப்பா ஏழாம் எண்ணுக்குக் கீழே வந்தார். வேதநாயகி சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்து மூலைக்குப் போனார். ஹரிஷ்குமார் பதிவேட்டை நீட்டினார்.

"நான் எதுக்குப்பா இதுல?"

"காத்து வாங்கறீங்க இல்ல சார்? எழுதாட்டி ஃபேனை நிறுத்தணும்."

அந்தப் பிப்ரவரி நிலையாணையைப் படித்திராத பிப்ரவரி. வெயில் மண்டையைப் பிளந்தது. கோவிந்தப்பா எழுதினார். மாதவிடாய் விவரம் கேட்ட ஐந்தாம் கட்டத்தில் நெடுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, "நினைவில்லை" என்று முடித்தார்.

பிறகு எல்லோருக்கும் அவருடைய மேசையில் சந்தேகம் கேட்கவேண்டிய கோப்புகள் இருந்தன. ஒவ்வொருவராகப் போனோம், நின்றோம், பதிவு செய்தோம். டென்சில் தோழமை உணர்வோடு கையெழுத்திட்டார். பெண்கள் எட்டுப் பேரும் வந்தார்கள். வயதுக் கட்டத்தில் எட்டுப் பேரும் முப்பத்தொன்பது.

"நீங்களும் வந்து எழுதுங்கக்கா," என்றார் டென்சில்.

வேதநாயகி வராந்தாத் தூணருகே நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாப்பது பேர் மூச்சு விடற இடத்துல எனக்கு என்ன காத்து வரும்? எழுதிட்டு வேற நிக்கணுமா? போப்பா."

மார்ச் கடைசியில் பதிவேடு தலைமையகம் போனது. ஏப்ரலில் இரண்டு உத்தரவுகள் வந்தன. முதலாவது: ஊழியர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் இவ்வுபாதை இருப்பதால் இது அலுவலகத்தின் இயல்பு நிலை என்றே கொள்ளத்தக்கது, இயல்பு நிலைக்குச் சலுகை தேவையில்லை, ஏழாம் எண் ஃபேன் ஆண்டு முழுவதும் ஓடுவதற்கான அனுமதி ரத்து செய்யப்படுகிறது. இரண்டாவது: சந்தாபுரா கிடங்கு வெப்பம் மிகுந்தது, அங்கே அனுப்பத் தகுதியானவர், பதிவேட்டின்படி உஷ்ண உபாதை சிறிதும் இல்லாத ஒரே ஊழியர் திருமதி வேதநாயகி.

"சார்," என்றார் வேதநாயகி. "இந்த ரிஜிஸ்டரே எனக்காகப் போட்டதுதானே?"

கோவிந்தப்பா பதிவேட்டின் நகலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினார். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல முடியாது. "உங்க பேரு இல்லியேம்மா," என்றார். மூன்றாவது மெமோவைக் கிழித்துப் போட்டார். அதற்கு இனி வேலை இல்லை.

மே மாதம் ஒரு கோப்பு விஷயமாக நான் சந்தாபுரா போனேன். தகரக் கூரைதான். அதற்குக் கீழே ஆறு ஃபேன்கள் பேயாகச் சுற்றின. சந்தாபுரா நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் நிலையாணை அங்கே செல்லாது. பெட்டி இல்லை, பூட்டு இல்லை. கிடங்குக் காவலாளி லட்சுமம்மாவுக்கும் அதே வயது. யாருக்கு முதலில் சூடு ஏறுகிறதோ அவர் எழுந்து ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்புவார். யாருக்குக் குளிர்கிறதோ அவர் இரண்டுக்கு. தேதி கேட்பார் இல்லை. வேதநாயகி வெளிர்மஞ்சள் புடவை கட்டியிருந்தார். கறை பட்டால் லட்சுமம்மா பார்த்துச் சொல்வாராம்.

"உக்காருங்க சார். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? பி.பி. பார்த்தீங்களா?"

மல்லேஸ்வரத்துக்குத் திரும்பியதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஃபேன்கள் நிற்கும் மே 31 நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில் நாற்பது பேரும் சந்தாபுராவுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்தோம். கோவிந்தப்பா முதலில்.

நாற்பதும் நிராகரிக்கப்பட்டன. உஷ்ண உபாதை உள்ளவர்களைத் தகரக் கூரையின் கீழ் அமர்த்துவது மனிதாபிமானத்துக்கு விரோதம் என்றது மேலிடம். ஆதாரமாக, அவரவர் பதிவின் நகலை அவரவர் விண்ணப்பத்தோடு இணைத்திருந்தார்கள். என்னுடையது பதினேழாவது. ஆண், வயது ஐம்பத்திரண்டு, சூடு தொடங்கியது 11.10, அடங்கியது 11.45. கட்டங்களைக் காலியாக விடுவது எனக்குப் பிடிக்காது. ஐந்தாவதில், தெளிவான கையெழுத்தில், "தவறாமல் வருகிறது" என்று எழுதியிருந்தேன்.